‘ஃபேர்’ என்ற ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் பிசகாமல் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் புதிதாக வருபவர்களின் பிரதிகளைத் திருத்தும்போது, கடினமான சொற்களில் பிழை குறைவாகவும் எளிய சொற்களில் பிழை மிகுதியாகவும் இருப்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கடினமான சொல் வந்தால் எல்லோரும் அகராதியைத் திறக்கிறார்கள். பள்ளியிலேயே பழகிவிட்ட சொல்லுக்கு யாரும் திறப்பதில்லை. ‘ஃபேர்’ அப்படிப்பட்ட சொல். நியாயம் என்ற பொருளோ சிவந்த நிறம் என்ற பொருளோ மனத்தில் முதலில் வந்து நிற்க, கை அதையே எழுதிவிடுகிறது.

விபத்துச் செய்தி ஒன்றின் மொழிபெயர்ப்பில், ‘நோயாளி நியாயமான நிலையில் இருப்பதாக மருத்துவமனை தெரிவித்தது’ என்று ஒரு வரி வந்தது. எழுதியவர் அந்த வாக்கியத்தை இரண்டு முறை சரிபார்த்திருந்தார். ஆனால் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தார், தமிழாக ஒருமுறைகூடப் படிக்கவில்லை. கீழே உள்ள படிகளின் வரிசை இப்படிப்பட்ட பிரதிகளிலிருந்து உருவானது. வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். எனவே முதல் சில மாதங்களுக்காவது இதே வரிசையில் செல்லுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, சொல் வரும் முழுப் பத்தி. ஒரு வாக்கியம் மட்டும் போதாது. எக்செல் தாளில் ஒரு கட்டத்துக்குள் ‘ஃபேர்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்து யாரேனும் அனுப்பினால், அது எந்த வினாவுக்கான விடை, அதற்கு மேலும் கீழும் என்னென்ன விடைகள் இருக்கின்றன என்று கேட்டுப் பெறும் வரை மொழிபெயர்க்காதீர்கள்.

இரண்டாவது, மாணவர்களுக்கென எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று. ஆங்கில-தமிழ் அகராதி ‘அழகிய, வெண்மையான, நேர்மையான, ஓரளவான, தெளிந்த’ என்று இணைச்சொற்களை வரிசையாகத் தரும். எந்தச் சொல் எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. மாணவர் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் தருவதால், உங்கள் வாக்கியத்தை அதன் அருகில் வைத்து ஒப்பிட முடியும்.

மூன்றாவது, தற்காலத் தமிழ் வழக்கை எடுத்துக்காட்டோடு தரும் தமிழ்-தமிழ் அகராதி. புதியவர்கள் இதைத் தேவையற்றது என்று நினைக்கிறார்கள். ‘பரவாயில்லை’, ‘சுமார்’, ‘சிவப்பு’ போன்ற சொற்கள் தமிழிலேயே பல வேலைகள் செய்பவை என்பதால், அவற்றை இடும்முன் அவற்றின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

2. சொல்லின் இனத்தை முதலில் பிரியுங்கள்

‘ஃபேர்’ பெயர்ச்சொல்லாகவும் வரும். அப்போது அது கண்காட்சி, சந்தை, முகாம் ஆகியவற்றைக் குறிக்கும்: ‘புக் ஃபேர்’ புத்தகக் கண்காட்சி, ‘ஜாப் ஃபேர்’ தமிழ்நாட்டு வழக்கில் வேலைவாய்ப்பு முகாம். இந்தப் பொருளுக்கும் நாம் பேசப்போகும் பெயரடைக்கும் தொடர்பில்லை, இவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

தடுமாற்றம் வருமிடம் ஒன்றுண்டு. ‘டிரேட் ஃபேர்’ என்பதும் ‘ஃபேர் டிரேட்’ என்பதும் அதே இரண்டு சொற்கள்தாம். முன்னது வணிகக் கண்காட்சி. பின்னது உற்பத்தியாளருக்கு உரிய விலை கிடைக்கச் செய்யும் நியாய வணிகம். ஆங்கிலத் தொகைச்சொல்லில், தமிழில் போலவே, கடைசியில் நிற்கும் சொல்தான் தலைச்சொல், அதாவது எதைப் பற்றிய பேச்சு என்று சொல்லும் முதன்மைச் சொல். கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டு முன்னே வந்தால் இந்தக் குழப்பம் நேராது.

காணொளிக்குத் துணைத்தலைப்பு எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பயணக் கட்டணத்தைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலி உடையது, எழுத்தில்தான் வேறுபாடு. பேச்சில் பேருந்து, டாக்சி, விமானம் பக்கத்தில் வந்தால் அது கட்டணமாக இருக்கலாம் என்று நிறுத்திக் கேளுங்கள்.

3. நிலைத்த தொடரா என்று பாருங்கள்

இது ஏன் இரண்டாம் படிக்கு அடுத்தே வருகிறது என்றால், நிலைத்த தொடரின் பொருளைச் சொல் சொல்லாகப் பிரித்து எடுக்க முடியாது. பிரித்துப் பார்த்துக் களைத்த பிறகு அது தொடர் என்று தெரிந்துகொள்வதைவிட, முதலில் தொடராக இருக்குமோ என்று சந்தேகப்படுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

‘ஃபேர் எனஃப்’ என்பது மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளும்போது சொல்வது. ‘போதுமான நியாயம்’ என்று எழுதியவர்கள் உண்டு. தமிழில் ‘சரி, நீங்கள் சொல்வதும் நியாயம்தான்’ என்றோ, இடத்தைப் பொறுத்து வெறும் ‘சரிதான்’ என்றோ எழுதினால் போதும். ‘டு பி ஃபேர்’ என்று தொடங்கும் வாக்கியம், அதுவரை குறைசொல்லப்பட்டவர் பக்கம் ஒரு நல்லதைச் சொல்லப்போகிறது; ‘நியாயமாகச் சொல்லப்போனால்’ என்பது அதற்கு அப்படியே பொருந்தும்.

‘ஃபேர் கேம்’ என்பதில் விளையாட்டு இல்லை. வேட்டையாடத் தடையில்லாத விலங்கு என்ற பொருளிலிருந்து வந்த தொடர் அது. ‘பொதுவாழ்வுக்கு வந்தவரை யார் வேண்டுமானாலும் விமர்சிக்கலாம்’ என்பது போல, தடையில்லை என்ற கருத்தை வெளிப்படையாக எழுதுங்கள். ‘நியாயமான ஆட்டம்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

‘ஃபேர் வெதர் ஃபிரெண்ட்’ என்பவர் நல்ல காலத்தில் மட்டும் கூட இருப்பவர். குளம் வற்றியதும் பறந்துபோகும் அறுநீர்ப் பறவை நமக்கு ஏற்கெனவே இருக்கும்போது வானிலையை இழுத்துவர வேண்டியதில்லை. ‘பை ஃபேர் மீன்ஸ் ஆர் ஃபவுல்’ என்பது ‘நேர்வழியிலோ குறுக்குவழியிலோ’ ஆகும். ‘ஃபேர் செக்ஸ்’ என்ற பழைய தொடர் பெண்களைக் குறிப்பது. பழைய நூலின் தொனியைக் காட்ட வேண்டிய இடமாக இல்லாவிட்டால் ‘பெண்கள்’ என்றே எழுதிவிடுங்கள்.

‘ஃபேர் ஷேர்’ இரண்டு விதமாக வரும். சொத்து, லாபம், வரி ஆகியவற்றோடு வந்தால் ‘உரிய பங்கு’. துன்பம், தோல்வி ஆகியவற்றோடு வந்தால் அங்கே பங்கீடே இல்லை, நிறையவே பட்டுவிட்டார் என்பதுதான் கருத்து: ‘அவர் படாத கஷ்டமில்லை.’

குழந்தைகள் பேச்சில் வரும் ‘நாட் ஃபேர்’ தனியாகச் சொல்லத்தக்கது. ‘இது நியாயமில்லை’ என்று எட்டு வயதுப் பிள்ளை பேசுவதாக எழுதினால், அந்தப் பிள்ளை பட்டிமன்றத்தில் நிற்பது போல் இருக்கும். விளையாட்டின் நடுவே என்றால் ‘போங்கு ஆட்டம்’ அல்லது ‘அழுகுணி ஆட்டம்’. தம்பிக்குக் கூடுதலாகக் கொடுத்த அம்மாவிடம் என்றால் ‘அவனுக்கு மட்டும் ரெண்டா?’ என்ற ஒரு கேள்வியே போதும். ‘நியாயம்’ என்ற சொல் வராமலேயே பொருள் முழுமையாக வந்துவிடுகிறது.

4. பக்கத்துப் பெயர்ச்சொல்லை வட்டமிடுங்கள்

நிலைத்த தொடர் அல்ல என்று உறுதியானதும், ‘ஃபேர்’ எந்தப் பெயர்ச்சொல்லை விவரிக்கிறதோ அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். கணினியில் என்றால் நிறமிட்டுக்கொள்ளுங்கள். சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பெயர்ச்சொல்தான்; ‘ஃபேரையே’ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதால் எதுவும் விளங்காது.

விலை, கூலி, தீர்ப்பு, தேர்தல், ஆட்டம் ஆகியவை வந்தால் நியாயத்தின் பக்கம் போகலாம். தோல், முடி, முகம் வந்தால் நிறம். வானிலை, காற்று வந்தால் தெளிவும் சாதகமும். பிரதி வந்தால் திருத்தி எழுதப்பட்டது. நிலை, தரம், மதிப்பீடு வந்தால் படிநிலை. அளவு, எண்ணிக்கை, தொலைவு வந்தால் கணிசம்.

பெயர்ச்சொல் சில சமயம் தொலைவில் இருக்கும். ‘ஹிஸ் டிசிஷன் வாஸ் ஃபேர்’ போன்ற வாக்கியத்தில் பெயரடை பயனிலையாக வருகிறது. அங்கே எழுவாயைத்தான் வட்டமிட வேண்டும். எழுவாய் ‘ஷி’ என்ற ஒரு மாற்றுப்பெயராக மட்டும் இருந்தால் மிகவும் கவனம் தேவை. ‘ஷி இஸ் ஃபேர்’ என்பது ஓர் ஆசிரியையைப் பற்றியது என்றால் ‘அவர் பாரபட்சம் பார்ப்பதில்லை’; தோற்றத்தை விவரிக்கும் பத்தி என்றால் ‘அவள் நல்ல சிவப்பு’. முழுப் பத்தி கையில் இருக்க வேண்டும் என்று முதல் படியில் வலியுறுத்தியது இதற்காகத்தான்.

5. எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

என் அனுபவத்தில் மிகவும் பயன்படும் படி இதுதான். இந்த இடத்தில் ‘ஃபேர்’ இல்லாவிட்டால் வேறு என்னவாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து நின்றாலும் அவற்றின் எதிர்ச்சொற்கள் கலப்பதில்லை.

பள்ளி மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரஃப் நோட்டும் ஃபேர் நோட்டும் வைத்துப் படித்தவர்களுக்கு, ‘ஃபேர் காப்பி’ என்பதன் எதிர்ச்சொல் ‘ரஃப்’ என்பது தெரியும். எனவே அது அடித்தல் திருத்தலின்றி எழுதிய சுத்தப் பிரதி. ‘நியாயமான நகல்’ என்று எழுத வாய்ப்பே இல்லை.

வானிலையில் எதிர்ச்சொல் மழையும் புயலும். பழைய சுவர்க் காற்றழுத்தமானிகளின் முகப்பில் புயல், மழை, மாற்றம், ஃபேர், மிகு வறட்சி என்ற வரிசையில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். முள் ‘மாற்றம்’ கடந்து அந்தப் பக்கம் போனால் மழை இல்லை என்பது பொருள். தமிழில் ‘வானம் வெளிவாங்கியிருக்கிறது’ என்ற அழகான வழக்கு இருக்கிறது. கதையில் அதைப் பயன்படுத்தலாம், அறிக்கையில் ‘மழையற்ற தெளிந்த வானிலை’ என்று எழுதலாம். கடற்பயணத்தில் ‘ஃபேர் விண்ட்’ என்பதன் எதிர் எதிர்காற்று. எனவே அது ‘வாய்ப்பான காற்று’.

ஊரகச் சாலை ஆவணங்களில் ‘ஃபேர் வெதர் ரோடு’ என்று வரும். ஒரு பிரதியில் இது ‘நல்ல சாலை’ ஆகியிருந்தது. எதிர்ச்சொல்லைக் கேட்டிருந்தால், எல்லாப் பருவத்திலும் செல்லத்தக்க சாலை என்பது கிடைத்திருக்கும். அப்போது இது மழைக்காலத்தில் போக முடியாத சாலை என்பது விளங்கியிருக்கும். குறையைச் சொன்ன வரி மொழிபெயர்ப்பில் பாராட்டாக மாறியது என்பதால் இதைச் சிறிய பிழை என்று விட முடியாது.

கிரிக்கெட்டில் ‘ஃபேர் டெலிவரி’ என்பதன் எதிர் நோபால். எனவே அது விதிக்குட்பட்ட பந்து. பந்துவீசும் கை தோள் மட்டத்துக்கு வந்த பிறகு, பந்து கையை விட்டுப் போகும் வரை, மடங்கிய முழங்கையை நிமிர்த்தக் கூடாது என்று விதி சொல்வது இது பற்றியதுதான். ‘நியாயமான பந்து’ என்றால் மற்ற பந்துகள் அநியாயமானவையா என்ற கேள்வி எழும்.

6. நியாயமா, நேர்மையா, நடுநிலையா, உரியதா

எதிர்ச்சொல் ‘அன்ஃபேர்’ என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இங்கேதான் தமிழின் வளம் தொடங்குகிறது. ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்லும் கருத்துக்குத் தமிழில் குறைந்தது நான்கு பாதைகள் உண்டு.

விலை, கூலி, இழப்பீடு போன்ற அளவுகளுக்கு ‘நியாயம்’ பொருந்தும். ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ நமக்கு நியாயவிலைக் கடை. பேச்சில் ரேஷன் கடை. இரண்டில் எதை எழுதுவது என்பது வாசகரைப் பொறுத்தது: அரசாணையை மொழிபெயர்க்கும்போது முன்னது, கதைமாந்தர் பேசும்போது பின்னது. நிலம் கையகப்படுத்துதல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இந்தச் சொல் உண்டு. அங்கே ‘நியாயமான இழப்பீடு’.

நடத்தைக்கு ‘நேர்மை’ பொருந்தும். ‘ஃப்ரீ அண்ட் ஃபேர் எலெக்ஷன்’ என்பதைத் தமிழ் நாளேடுகள் ‘சுதந்திரமான, நேர்மையான தேர்தல்’ என்று எழுதிப் பழக்கியிருக்கின்றன. தேர்தலை நடத்துபவர்களின் நடத்தை இங்கே பேசப்படுவதால் அது பொருத்தமும்கூட.

இரண்டு தரப்புகளுக்கு இடையே ஒருவர் நிற்கும்போது ‘நடுநிலை’யோ ‘பாரபட்சமின்மை’யோ வர வேண்டும்: நடுவர், ஆசிரியர், செய்தியாளர், தேர்வுக்குழு. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் ‘ஃபேர்னஸ்’ பற்றிய கட்டுரைகளிலும் பாரபட்சமின்மையே சரியானது. ஒரு பிரிவினருக்குச் சாதகமாகச் சாயாமை என்பதுதான் அங்கே பேச்சு. ஒருவருக்குச் சேர வேண்டியது என்ற கருத்து மேலோங்கினால் ‘உரிய’, ‘தகுந்த’.

அடிக்கடி நிகழும் பிழை, ‘ஃபேர்’ என்பதைச் ‘சமம்’ ஆக்குவது. மூவர் சேர்ந்து ஒரு வேலையை முடித்து 12,000 ரூபாய் பெறுகிறார்கள். ஒருவர் 2 நாள், ஒருவர் 4 நாள், ஒருவர் 6 நாள் உழைத்திருக்கிறார்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 4,000. உழைப்புக்கேற்ற நியாயப்படி பிரித்தால் 2,000, 4,000, 6,000. ‘டிவைட் ஃபேர்லி’ என்ற அறிவுறுத்தலைச் ‘சமமாகப் பங்கிடுங்கள்’ என்று எழுதினால், ஆறு நாள் உழைத்தவருக்கு 2,000 ரூபாய் போய்விடும்.

சட்டமும் கணக்கியலும் வந்தால் சொந்தத் தேர்வை நிறுத்திவிட்டு வரையறையைத் தேடுங்கள். இந்திய அரசு 1948இல் அமைத்த கூலிக் குழு, குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்வூதியம் என்று மூன்று படிகளை வகுத்தது. நியாயக் கூலி அவற்றில் நடுப்படி. அங்கே ‘நல்ல கூலி’, ‘தகுந்த கூலி’ என்று அழகுக்காக மாற்றினால் வகைப்பாடே குலைந்துவிடும்.

இதே காரணத்தால் பதிப்புரிமையில் இரண்டு தொடர்களைப் பிரித்தே வைக்க வேண்டும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ‘ஃபேர் டீலிங்’ என்கிறது. அமெரிக்கச் சட்டம் ‘ஃபேர் யூஸ்’ என்கிறது. இரண்டின் எல்லைகளும் வேறு. முன்னதை ‘நியாயமான கையாளுகை’ என்றும் பின்னதை ‘நியாயமான பயன்பாடு’ என்றும் எழுதி, கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள். கணக்கியலின் ‘ஃபேர் வேல்யூ’ என்பதோ, சந்தையில் பங்கேற்பவர்களுக்கிடையே முறையாக நடக்கும் விற்பனையில் ஒரு சொத்துக்குக் கிடைக்கக்கூடிய விலை. ‘நியாய மதிப்பு’ என்று எழுதலாம், ஆனால் முதல் முறை வரும்போது இந்த விளக்கத்தையும் சேர்த்துவிடுங்கள்.

நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘ஜஸ்ட், ஃபேர் அண்ட் ரீசனபிள்’ என்று மூன்றும் ஒன்றாக வரும். மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு இந்தச் சொற்கோவை இந்தியத் தீர்ப்புகளில் பழகிப்போன ஒன்று. மூன்றுக்கும் தமிழில் ‘நியாயமான’ என்றே வாய் முந்தும். ஒன்றை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மூன்றையும் ஒன்றாக வைத்து ‘நீதியான, நியாயமான, ஏற்புடைய’ என்று இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

7. நிறத்தைக் குறிக்கும்போது

தோலைப் பற்றி வந்தால் நம் வழக்கு ‘சிவப்பு’. ‘பெண் நல்ல சிவப்பு’ என்றால் தமிழ் வாசகர் யாரும் செந்நிறம் என்று எண்ணுவதில்லை. கதையிலும் உரையாடலிலும் ‘சிவந்த நிறம்’ என்பதே இயல்பானது. ‘அழகான’ என்று எழுதுவது பிழை. நிறத்தைச் சொன்ன ஆசிரியர் அழகைச் சொல்லவில்லை. பழைய ஆங்கில இலக்கியத்திலும் அதன் சாயலில் எழுதப்பட்டவற்றிலும்தான் இந்தச் சொல் அழகைக் குறிக்கும்.

ஆனால் மருத்துவக் கட்டுரைக்கு இந்த வழக்கு ஒத்துவராது. வெயிலில் தோல் கன்றிப்போவதைப் பற்றிய ஒரு பிரதியில், ‘சிவந்த நிறத் தோல் வெயிலில் விரைவில் சிவந்துவிடும்’ என்ற வரியைப் பார்த்தேன். இரண்டு சிவப்புகள் மோதுகின்றன. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்து, பின்னர் 6 வகைகளாக விரிந்த தோல் வகைப்பாட்டில், முதல் வகையினருக்கு வெயிலில் தோல் கன்றுமே தவிரக் கருக்காது. இத்தகைய இடத்தில் ‘வெளிர் நிறத் தோல்’ என்று எழுதுங்கள்.

முடி என்றால் இன்னும் கவனமாக இருங்கள். ஒரு நாவல் மொழிபெயர்ப்பில் 17 வயதுப் பெண் ‘வெள்ளை முடி’யோடு வந்தாள், அவளை மணக்க இளைஞன் ஒருவன் தவிப்பது வாசகருக்குப் புரியவே இல்லை. தமிழில் வெள்ளை முடி என்றால் நரை. ‘சிவந்த முடி’ என்றால் செம்பட்டை, அதுவும் வேறு. ‘ஃபேர் ஹேர்’ என்பது பொன்னிற முடி; சற்று மங்கலானது என்று பத்தி சொன்னால் வைக்கோல் நிறம்.

ஓர் இணைப்புச் செய்தி. ஹிந்துஸ்தான் யூனிலீவர் 2020இல் தன் முகப்பூச்சின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கி ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றியது. அது குறித்த ஆங்கிலக் கட்டுரைகளில், நிறம், நியாயம் என்ற இரு பொருளையும் ஒரே சொல்லில் வைத்துத் தலைப்பிட்டவை உண்டு. தமிழில் அந்த இரட்டைப் பொருள் ஒரு சொல்லில் அடங்காது. அதை வலிந்து உருவாக்காமல், கட்டுரை எதைப் பேசுகிறதோ அந்த ஒரு பொருளை மட்டும் தலைப்பில் வையுங்கள். நிறுவனப் பெயர்களையும் பொருட்பெயர்களையும் மொழிபெயர்க்காமல் அப்படியே ஒலிபெயருங்கள்.

8. படிநிலையில் வரும்போது

இந்தப் படிக்குத்தான் மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டும். வினாத்தாள், படிவம், தரச்சான்று ஆகியவற்றில் ‘ஃபேர்’ தனித்து வராது. ஓர் ஏணியின் ஒரு படியாக வரும். அந்த ஏணி முழுவதையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அந்த ஒரு படிக்குத் தமிழ் தேடுங்கள்.

உடல்நலக் கணக்கெடுப்புகளில் பரவலாக உள்ள கேள்வி ஒன்று, உங்கள் உடல்நலத்தைப் பொதுவாக எப்படி மதிப்பிடுவீர்கள் என்பது. விடைகள்: எக்ஸலண்ட், வெரி குட், குட், ஃபேர், பூர். இங்கே ‘ஃபேர்’ கீழிருந்து இரண்டாவது. அதாவது நன்றாக இல்லை, ஆனால் மோசமும் இல்லை.

இதற்குப் புதியவர்கள் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லின் மறுபக்கத்தைப் பாருங்கள். ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், நன்றாக இருப்பவரும் அடக்கமாக ‘பரவாயில்லை’ என்பார். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால் ‘பரவாயில்லையே!’ என்று பாராட்டுவோம். ‘நன்று’ என்று குறிக்க வேண்டியவர்கள் இந்தக் கட்டத்தில் குறித்துவிட்டால் கணக்கெடுப்பின் முடிவு தவறாகும். ‘சுமார்’ என்பதே நம் பேச்சில் அந்தப் படியில் உறுதியாக நிற்கும் சொல். ‘மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம்’ என்ற வரிசையை யாரிடம் காட்டினாலும் குழம்பமாட்டார்கள். ஒரே எச்சரிக்கை: எண்ணுக்கு முன் வந்தால் ‘சுமார்’ ஏறக்குறைய என்று பொருள்படும், எனவே ‘சுமார் 3’ போன்ற அமைப்பு படிவத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மருத்துவமனைகள் நோயாளியின் நிலையை ‘குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிகல்’ என்று அறிவிப்பது வழக்கம். இந்த ஏணியில் ‘ஃபேர்’ மேலிருந்து இரண்டாவது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவை இயல்பாகவும் நிலையாகவும் உள்ளன, நோயாளி நினைவோடு இருக்கிறார், ஆனால் அவதி இருக்கலாம் என்பது பொருள். தொடக்கத்தில் சொன்ன வரியை ‘நோயாளியின் நிலை சீராக இருப்பதாக மருத்துவமனை தெரிவித்தது’ என்று மாற்றினோம். ‘சுமார்’ என்றிருந்தால் உறவினர்கள் பதறியிருப்பார்கள்.

பழைய நூல் விற்பவர்களின் ஏணி இதற்கு நேர்மாறு. ‘ஃபைன், வெரி குட், குட், ஃபேர், பூர்’ என்பதில் ‘ஃபேர்’ நன்றாகவே நைந்த பிரதி. நூலின் எழுத்துப் பக்கங்கள் முழுமையாக இருக்கும், முன்பின் வெற்றுத்தாள்கள் இல்லாமலும் போகலாம். வாங்குபவர் ஏமாறாமலிருக்க ‘நைந்த பிரதி, எழுத்துப் பக்கங்கள் முழுமை’ என்று விளக்கமாகவே எழுதுவது நல்லது.

காற்றுத் தரத்தில் இன்னொரு மாற்றம். ஐரோப்பியக் குறியீட்டின் வரிசை ‘குட், ஃபேர், மாடரேட், பூர், வெரி பூர், எக்ஸ்ட்ரீம்லி பூர்’. இங்கே ‘ஃபேர்’ மிதமானதற்கும் மேலே உள்ளது. இந்தியக் குறியீட்டில் அதே இரண்டாம் இடத்தில் ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ இருக்கிறது. நம் செய்திகள் அதைத் ‘திருப்திகரம்’ என்று எழுதுகின்றன. ஐரோப்பியச் செய்தியின் ‘ஃபேருக்கும்’ அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு குறியீடுகளின் எண் வரம்புகளும் வேறு என்பதால் எண்களை ஒப்பிடும் கட்டுரையில் அதை ஒரு வரியில் தெளிவுபடுத்த வேண்டும்.

9. அளவும் ‘ஃபேர்லி’யும்

அளவு, எண்ணிக்கை, தொலைவு ஆகியவற்றோடு வந்தால் ‘கணிசமான’ என்பது பெரும்பாலும் பொருந்தும். ‘எ ஃபேர் டிஸ்டன்ஸ்’ என்றால் ‘நல்ல தூரம்’ என்று பேச்சில் சொல்வோம், அதையே எழுதலாம்.

‘ஃபேர்லி’ என்ற வினையடைக்கு இடம் பார்த்துப் பொருள் சொல்ல வேண்டும். வினையைத் தழுவி வந்தால் பெரும்பாலும் ‘நியாயமாக’, ‘பாரபட்சமின்றி’. மற்றொரு பெயரடைக்கோ வினையடைக்கோ முன் வந்தால் அளவு: ‘ஓரளவு’. எனவே ‘ஃபேர்லி பெய்ட்’ என்றால் நியாயமான ஊதியம் பெறுபவர். நடுவில் ஒரு சொல் சேர்ந்து ‘ஃபேர்லி வெல் பெய்ட்’ என்றானால் ஓரளவு நல்ல ஊதியம் பெறுபவர்.

அளவைக் காட்டும் எல்லா இடத்திலும் ‘ஓரளவு’ என்று எழுதினால் பிரதி சோகையாகிவிடும். தமிழ் இடைச்சொற்கள் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. ‘ஃபேர்லி ஈஸி’ என்பது ‘எளிதுதான்’ அல்லது ‘அவ்வளவு கடினமில்லை’. ‘ஃபேர்லி சர்டன்’ என்பது ‘ஏறக்குறைய உறுதி’. ‘ஹி ஃபேர்லி ஃப்ளூ’ என்று வினைக்கு முன் வந்து மிகைப்படுத்தும்போது ‘பறந்தே போனான்’ என்று ஏகாரம் போட்டால் போதும்.

10. ஆங்கிலத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

கடைசிப் படியில் மூலத்தை மூடிவைத்துவிட்டு, தமிழ் வரியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். மூலம் கண்முன் இருக்கும்வரை, தமிழில் இல்லாத பொருளையும் மனம் மூலத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். ‘நியாயமான நிலையில் நோயாளி’ இரண்டு முறை சரிபார்த்தும் தப்பித்தது அப்படித்தான்.

முடிந்தால், ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் அந்த வரியைக் காட்டி, அவருக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள். ‘சரியாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். புரிந்ததை அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். படிவம் என்றால் எல்லா விடைகளையும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, நல்லதிலிருந்து மோசம் வரை அடுக்கச் சொல்லுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக அடுக்கினால் எட்டாம் படிக்குத் திரும்புங்கள்.

தேர்ந்தெடுத்த சொல்லை, அதன் பெயர்ச்சொல்லோடும் எதிர்ச்சொல்லோடும் சேர்த்து உங்கள் சொற்பட்டியலில் பதிந்து வையுங்கள். ‘ஃபேர் – நியாயமான’ என்று மட்டும் பதிந்தால், ஆறு மாதம் கழித்து அந்தப் பட்டியலைத் திறக்கும் இன்னொருவர் அதை நோயாளியின் நிலைக்கும் எடுத்துப் போடுவார். ‘ஃபேர், நோயாளியின் நிலை, எதிர்: சீரியஸ் – சீராக’ என்று பதிந்தால் போடமாட்டார்.